குயில்ட் பேட்டிங்கில் சுருக்கம்: எங்கள் டர்பன் தையல் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுக் கராஜில் சனிக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து குயில்ட், அதாவது நடுவில் பஞ்சு வைத்த அடுக்குப் போர்வை, தைக்கிறோம். காரை வெளியே நிறுத்திவிட்டு இரண்டு நீள மேசைகளைச் சேர்த்துப் போட்டால் வகுப்பு தயார். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: பாக்கெட்டைப் பிரித்தால் பேட்டிங் முழுக்க மடிப்பும் சுருக்கமுமாக இருக்கிறதே, என்ன செய்வது? வாரம் தவறாமல் பதில் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

பேட்டிங் என்றால் என்ன அக்கா?

கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் ஆடுவது இல்லை. குயில்ட்டுக்கு மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த முகப்பு, கீழே அடித்துணி, நடுவில் பஞ்சை விரிப்பாக அமுக்கிச் செய்த ஒரு அடுக்கு. அந்த நடு அடுக்குதான் பேட்டிங். சில கடைகளில் வாடிங் என்பார்கள், இரண்டும் ஒன்றே. மூன்றையும் சேர்த்து ஊசி ஓட்டுவதுதான் குயில்ட்டிங்.

என் ஆயா காலத்தில் இதற்கென்று தனியாக எதுவும் வாங்கியதில்லை. பழம்புடவை நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் போட்டு ஓட்டுத்தையல் போட்டுவிடுவார். புடவை கசங்கியிருந்தால் தண்ணீர் தெளித்துக் கையால் நீவிவிட்டு, மேலே ஒரு பாயைப் போட்டுப் படுத்துத் தூங்கிவிடுவார். காலையில் புடவை படிந்திருக்கும். கீழே நான் சொல்லப்போவதில் பாதி அதுதான்.

சுருக்கத்தோடு அப்படியே தைத்துவிட்டால் என்ன? உள்ளேதானே இருக்கப்போகிறது?

எந்தச் சுருக்கம் என்பதைப் பொறுத்தது. பேட்டிங்கை மேசைமேல் விரித்து, ஜன்னல் பக்கமிருந்து வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்துப் பாருங்கள். சாயங்கால வெயில் இதற்கு நல்லது. மெல்லிய அலை அலையாகத் தெரிவது ஒரு வகை. உள்ளங்கையை மேலே ஓட்டினால் கைக்குத் தட்டுப்படாது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். விரித்து நீவும்போதே பாதி போய்விடும், மீதி தையலில் அடங்கிவிடும்.

இன்னொன்று மடிப்புக் கோடு. பாக்கெட்டில் நாலாக, எட்டாக மடித்து அமுக்கி மாதக்கணக்கில் கடை அலமாரியில் கிடந்ததால் வந்தது. கை வைத்தால் வரப்பு மாதிரி தட்டுப்படும். இதை அப்படியே வைத்துத் தைத்தால், மெஷின் பாதம் அந்த வரப்பை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். தள்ளித் தள்ளி ஓரிடத்தில் பேட்டிங் தன்மேலேயே மடிந்துவிடும், அதன்மேல் தையலும் ஏறிவிடும். அப்புறம் பிரிக்காமல் சரிசெய்ய வழியே இல்லை. கையால் தைக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் முகப்பு கருநீலமோ கறுப்போ ஆக இருந்தால், குயில்ட்டைச் சுவரில் மாட்டியதும் அந்தக் கோடு நிழலாகத் தெரியும்.

எல்லா பேட்டிங்குக்கும் ஒரே வழிதானா?

இல்லை, தவறு நடப்பதே இங்குதான். முதலில் இழை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பாக்கெட் இருந்தால் அதிலேயே போட்டிருக்கும். ரோலிலிருந்து மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கியது என்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தது என்றால் எரித்துப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரு சிட்டிகை பிய்த்து, இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு நெருப்பைக் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, தொட்டால் பொடியாகும் சாம்பல். கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம், நெருப்பை எடுத்ததும் தானே அணைந்துவிடும். பாலியெஸ்டர் என்றால் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். காகித வாசனையும் வருகிறது, மணியும் நிற்கிறது என்றால் கலப்பு. கடைகளில் 80க்கு 20 என்று விற்பது இதுதான், 80 பங்கு பருத்தி, 20 பங்கு பாலியெஸ்டர். மூங்கில் என்று எழுதியிருப்பதும் பருத்தி மாதிரியே எரியும். சுருக்கம் எடுப்பதிலும் அதைப் பருத்தியாகவே நினைத்துக்கொள்ளலாம்.

இஸ்திரி போடலாமா? அதுதானே சுலபம்?

எல்லோருக்கும் கை இஸ்திரிப் பெட்டிக்குத்தான் போகிறது. என் கையும் போயிருக்கிறது. என் முதல் பாலியெஸ்டர் பேட்டிங்கை நன்றாகச் சூடேற்றிய பெட்டியால் இழுத்துத் தேய்த்தேன். சுருக்கம் போனது, கூடவே பஞ்சும் போனது. ஒரு விரற்கடைத் தடிமனில் புசுபுசுவென்று இருந்தது அப்பளம் மாதிரி ஆகி, இரண்டு இடத்தில் பெட்டியோடு ஒட்டிக்கொண்டும் வந்தது.

காரணம் இதுதான். பாலியெஸ்டர் உருகுவதற்கு ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும். ஆனால் 70, 80 டிகிரியிலேயே இழை இளகிவிடும். இளகிய நேரத்தில் அமுக்கினால், அமுங்கிய வடிவத்திலேயே ஆறி நின்றுவிடும். இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி வரை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. அதாவது இருப்பதிலேயே குறைந்த சூடுகூட பாலியெஸ்டரைத் தட்டையாக்கப் போதும். அதனால் பாலியெஸ்டர் பேட்டிங்மேல் பெட்டி படவே கூடாது.

பருத்தி அப்படியில்லை. பருத்தியில் மடிப்பு நிற்பதற்குக் காரணம் இழைக்குள் ஈரம் வற்றிப் பிணைப்பு இறுகியிருப்பதுதான். ஈரம் பட்டால் பிணைப்பு தளரும், மறுபடி காயும்போது எப்படி விரித்து வைத்தோமோ அப்படியே நிற்கும். அதனால் பருத்திக்கு வெறும் சூட்டைவிட ஈரமும் சூடும் சேர்ந்தால் நல்லது. தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளித்து, மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணியைப் போட்டு, இரண்டு புள்ளியில் வைத்து அமுக்கி எடுங்கள். அமுக்கி, தூக்கி, நகர்த்தி, மறுபடி அமுக்கி. சட்டைக்குப் போடுவதுபோல் இழுத்துத் தேய்த்தால் பேட்டிங் ஒரு பக்கமாக நீண்டுவிடும்.

80க்கு 20க்கும் அதேதான், சூட்டை மட்டும் ஒரு புள்ளிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். கம்பளிக்குப் பெட்டியை மேலே படவிடாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து ஆவியை மட்டும் விடுங்கள். இட்லித் தட்டுக்கு அடியிலிருந்து ஆவி வருகிறதே, அந்த மாதிரி ஆவி போதும். கம்பளி தானே மூச்சு விட்டதுபோல் எழும்பும். பார்க்கவே அழகாக இருக்கும். ஆவி விட்டுவிட்டுக் கையால் தேய்க்காதீர்கள். கம்பளிக்கு ஈரம், சூடு, உரசல் மூன்றும் சேர்ந்தால் இழைகள் பின்னிக்கொண்டு கெட்டித் துணியாகிவிடும்.

எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு மூலையில், கடைசியில் வெட்டி எறியப்போகிற ஓரத்தில் செய்து பாருங்கள். மூன்று எண்ணும் வரை வைத்து எடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தடிமன் குறைந்திருக்கிறதா என்று பக்கத்துப் பகுதியோடு சேர்த்துக் கிள்ளிப் பாருங்கள்.

ஒரு ராத்திரி விரித்துப் போட்டாலே போதும் என்கிறார்களே, உண்மையா?

டர்பனில் உண்மை. என்னைக் கேட்டால் பத்துக்கு எட்டு பேட்டிங்குக்கு இது ஒன்றே போதும். ஜனவரி மாதம் இங்கே காற்றில் இருக்கிற ஈரத்துக்கு உப்பு ஜாடியே கட்டிதட்டிப் போகிறது. பேட்டிங்கை முந்தின நாளே பாக்கெட்டிலிருந்து எடுத்து, யாரும் படுக்காத கட்டிலில் விரித்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். காலையில் திருப்பிப் போடுங்கள். மடிப்பு ஆழமாக இருந்தால் இரண்டு ராத்திரி. கட்டில் இல்லையென்றால் சோபாவின் முதுகில் தொங்கவிடலாம், பாதிப் பாதியாக மாற்றி மாற்றி.

கரண்ட் இல்லாத நாளிலும் இந்த வழிக்குத் தடையில்லை என்பது கூடுதல் வசதி. லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்த வருடங்களில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் பழகினார்கள்.

நான் ஜோபர்க்கில் இருக்கிறேன். மூன்று நாள் விரித்து வைத்தும் மடிப்பு அப்படியே இருக்கிறது. ஏன்?

ஜூலையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் அது குளிர்காலம், மழையும் இல்லை, காற்றில் ஈரமும் இல்லை. பருத்திக்கு ஈரத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மடிப்புக் கோட்டின்மேல் மட்டும் அரை மீட்டர் உயரத்திலிருந்து தெளியுங்கள். தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும், கை நனையக் கூடாது. கோட்டின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து மெல்ல நீவிவிட்டு, அப்படியே காயவிடுங்கள். அந்தக் காற்றில் சீக்கிரமே காய்ந்துவிடும்.

பாலியெஸ்டர் என்றால் உங்கள் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. விரிக்கும்போதே சடசடவென்று பொறி தட்டி, பேட்டிங் கையிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு சரியாகப் படியவே படியாது. பார்த்தால் சுருக்கம் மாதிரிதான் இருக்கும், உண்மையில் நிலைமின்சாரம். கையை லேசாக ஈரப்படுத்திக்கொண்டு நீவினால் அடங்கிவிடும்.

டம்பிள் டிரையரில் போடலாமா?

போடலாம், நல்ல வழியும்கூட. ஆனால் குழந்தைப் போர்வை அளவு, மிஞ்சினால் ஒற்றைக் கட்டில் அளவுக்குத்தான். கூடவே பிழிந்த ஒரு முகத்துண்டைப் போட்டு, குறைந்த சூட்டில் பத்து நிமிடம். பாலியெஸ்டர் என்றால் சூடே இல்லாமல் வெறும் காற்று. மணி அடித்தவுடன் எடுத்து விரித்துவிட வேண்டும். உள்ளேயே விட்டுவிட்டு டீ போடப் போனால் சூட்டோடு சுருண்டு கிடந்து புதுச் சுருக்கம் வாங்கிக்கொள்ளும்.

கிங் சைஸ் பேட்டிங்கை வீட்டு டிரையரில் திணிக்காதீர்கள். சுழல இடமில்லாமல் பந்தாக உருண்டு, போட்டதைவிட மோசமாக வரும்.

குளியலறையில் ஆவி பிடிக்க வைத்தால்?

செய்யலாம். சுடுதண்ணீர் ஷவரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தி, பேட்டிங்கைத் தண்ணீர் படாத இடத்தில் கால்மணி நேரம் தொங்கவிட வேண்டும். கம்பளிக்கு நன்றாகக் கேட்கும். இதற்கென்று தனியாக வெந்நீரை வீணாக்காமல், வீட்டில் யாராவது குளித்துவிட்டு வந்த உடனே கொண்டுபோய்த் தொங்கவிட்டால் போதும்.

துணிக்கொடியில் காயப்போட்டால் காற்றிலேயே சரியாகிவிடாதா?

வேண்டாம். இதில் எனக்கு மூன்று பாடம் கிடைத்தது, மூன்றும் ஒரே நாளில். முதல் பாடம், கம்பிக்கொடி. ஈரப் பருத்தி பேட்டிங்கை நடுவில் மடித்துப் போட்டேன். கம்பி பட்ட இடத்தில் பழைய மடிப்பைவிடக் கூர்மையான புது மடிப்பு விழுந்துவிட்டது. இரண்டாவது, ஈரத்தின் கனத்தில் இரண்டு பக்கமும் தொங்கி இழுத்து, நடுவில் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது.

மூன்றாவதை யாரும் சொல்லித் தரவில்லை. மைனாக்கள். கூடு கட்டுகிற பருவத்தில் அவற்றுக்கு நம் பேட்டிங் இலவசமாகக் கிடைத்த பஞ்சுமெத்தை. பால்கனியிலிருந்து பார்த்தபோது நான்கு மைனா வரிசையாக உட்கார்ந்து பிய்த்துக்கொண்டிருந்தன. நான் கத்திய கத்தலுக்கு அவை பறந்தன. சத்தம் கேட்டு வந்த குரங்கு ஒன்று மிச்சத்தின் ஒரு முனையைப் பிடித்து மதில்மேல் இழுத்துப் பார்த்தது. குரங்குகள் நடமாடும் சில்வர்க்ளென் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம்.

வெளியே போட்டே ஆக வேண்டும் என்றால் கம்பியில் போடாமல் தடிமனான பிவிசி குழாய்மேல் போடுங்கள், கீழே ஒரு பழைய பெட்ஷீட் விரித்து, நிழலில். பக்கத்திலேயே இருங்கள்.

துவைத்துவிட்டால் சுருக்கமும் போகும், பின்னால் சுருங்குவதும் இருக்காதே?

முதலில் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இப்போது வரும் பேட்டிங்கில் பெரும்பாலானவற்றுக்கு முன்கூட்டித் துவைக்கத் தேவையில்லை. சிலவற்றைத் துவைத்தால் பிய்ந்தே போகும். நனைக்கலாம் என்று எழுதியிருந்தால் மட்டும், தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் அமுக்கி ஊறவைத்து, கசக்காமல், முறுக்காமல் எடுத்து, பெரிய துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, பரப்பிக் காயவையுங்கள். வாஷிங் மெஷினின் சுழற்சிக்குக் கொடுக்காதீர்கள்.

பருத்தி பேட்டிங் முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பங்கு வரை சுருங்கும். அதனால் தைத்து முடித்த குயில்ட்டைத் துவைத்ததும் தையல் ஓரமெல்லாம் சின்னச் சின்னதாகச் சுருங்கிப் பழைய போர்வை மாதிரி தெரியும். எனக்கு அந்தத் தோற்றம் பிடிக்கும். மழமழவென்று இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பாலியெஸ்டர் வாங்குவது நல்லது.

இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் பேட்டிங் வாங்கிவிட்டேன். அதில் மடிப்பு இருக்கிறதே?

அதைத் தனியாக இஸ்திரி போடாதீர்கள், பசை பெட்டியில் ஒட்டும் அல்லது மேசையில் ஒட்டும். டிரையரிலும் போடக் கூடாது. விரித்து வைத்துக் காத்திருப்பது ஒன்றுதான் வழி.

சுருக்கத்தை எல்லாம் எடுத்தாயிற்று. அடித்துணிமேல் விரிக்கும்போது மறுபடி சுருங்குகிறது!

பாதிப் பேர் பேட்டிங்மேல் பழி போடுகிறார்கள், கோளாறு விரிப்பதில் இருக்கும். அடித்துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் போட்டு, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். விறைப்பாக இருக்கலாம், இழுபட்டிருக்கக் கூடாது. இழுத்து ஒட்டிய துணி, டேப்பை எடுத்ததும் சுருங்கி மேலே உள்ள இரண்டு அடுக்கையும் கொசுவமாக்கிவிடும்.

பேட்டிங்கை நாலாக மடித்து அதன் நடுவை அடித்துணியின் நடுவில் வைத்து, ஒவ்வொரு மடிப்பாகத் திறங்கள். அப்புறம் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். தோசைக்கல்லில் மாவை நடுவிலிருந்து வெளியே கொண்டுபோவோமே, அந்தக் கை. ஆனால் தோசைக்கு அழுத்துகிற அளவுக்கு அழுத்தம் வேண்டாம். பேட்டிங்கை இழுத்துச் சுருக்கத்தை மறைத்தால் ராத்திரிக்குள் அது தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

அளவையும் கவனியுங்கள். வீட்டு மெஷினில் தைக்கிறவர்கள் முகப்பைவிட நாலு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் அதிகமாக பேட்டிங் விட வேண்டும். லாங் ஆர்ம் என்கிற பெரிய குயில்ட்டிங் மெஷினுக்குக் கொடுப்பதென்றால் பத்து. சுருக்கம் எடுத்த பிறகுதான் வெட்ட வேண்டும். சுருக்கத்தோடு அளந்து வெட்டினால் விரிந்ததும் அளவு கோணலாகிவிடும்.

ஊக்கு குத்துகிறவர்கள் ஒரு கைப்பிடி இடைவெளிக்கு ஒன்று குத்துங்கள். உள்ளங்கையை விரித்து எங்கே வைத்தாலும் அடியில் ஒரு ஊக்காவது தட்டுப்பட வேண்டும்.

ஷ்வேஷ்வே துணியில் தைத்தேன். துவைத்ததும் பேட்டிங் முழுக்கச் சுருங்கிவிட்டது போல் ஆகிவிட்டதே?

பேட்டிங்மேல் தப்பில்லை, துணிமேல்தான். ஷ்வேஷ்வே என்பது இங்கே பிரபலமான அச்சுப் பருத்தித் துணி, கடையில் வாங்கும்போது கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும். அந்தக் காலத்தில் கப்பலில் வரும் துணி கடல் ஈரத்தில் கெட்டுப்போகாமலிருக்கக் கஞ்சி போட்டார்கள். 1992இல் த்ரீ கேட்ஸ் என்கிற ஷ்வேஷ்வே முத்திரையின் உரிமை தென்னாப்பிரிக்காவின் டா காமா ஆலைக்கு வந்து இங்கேயே அச்சடிக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் கஞ்சிப் பழக்கம் போகவில்லை. நக்கிப் பார்த்து அசல்தானா என்று சோதிக்கிற பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள்.

முதல் துவைப்பில் கஞ்சி போகும், துணி இளகும், அளவும் குறையும். முகப்பு சுருங்கி உள்ளே இருக்கிற பேட்டிங் சுருங்காமல் நின்றால், மிஞ்சிய பேட்டிங் தையலுக்கு நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும். பாலியெஸ்டர் போட்டிருந்தால் இன்னும் அதிகமாகத் தெரியும். ஷ்வேஷ்வேயை வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிடுங்கள். தைத்து முடித்ததைத் திருத்த முடியாது. மெத்தைமேல் போடாமல் சோபாமேல் போட்டுவிடுங்கள், அங்கே அது கண்ணை உறுத்தாது.

மிச்சத் துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கலாமா? சேர்த்த இடம் வரப்பாகாதா?

ஒன்றன்மேல் ஒன்று ஏறினால்தான் வரப்பாகும். இரண்டு ஓரத்தையும் நேராக வெட்டி, விளிம்போடு விளிம்பு தொடும்படி வைத்து, அகலமான ஜிக்ஜாக் தையல் போடுங்கள். ஒரே வகைத் துண்டுகளை மட்டும் சேருங்கள். பருத்தியோடு பாலியெஸ்டரைச் சேர்த்தால் துவைத்ததும் ஒரு பக்கம் மட்டும் சுருங்கும்.

அடுத்த முறை சுருக்கமே விழாமல் வைக்க என்ன வழி?

மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். கிரே ஸ்ட்ரீட் துணிக்கடைகளில் (பெயரை டாக்டர் யூசுஃப் டாடூ தெரு என்று மாற்றி எத்தனையோ வருடமாகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான்) துணி தீர்ந்த அட்டைக் குழாய்களைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். குழாய்மேல் தளர்வாகச் சுருட்டி, பழைய தலையணை உறையில் நுழைத்து, நிற்க வைத்துவிடுங்கள். படுக்க வைத்து மேலே பெட்டியை அடுக்கினால் மறுபடி அமுங்கும்.

பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைக்க வேண்டாம். டர்பன் புழுக்கத்தில் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், மக்கிய வாடை துவைத்தாலும் போகாது. ஃபிஷ்மாத் என்கிற வெள்ளிப்பூச்சிக்குப் பருத்தி பிடிக்கும், அந்துப்பூச்சிக்குக் கம்பளி பிடிக்கும். நான் காய்ந்த வேப்பிலையைச் சின்னத் துணிப்பையில் கட்டி உறைக்குள் போட்டு வைக்கிறேன். பேட்டிங்மேல் நேரடியாகத் தூவினால் இலைத்தூள் இழைக்குள் இறங்கிவிடும். வெள்ளை முகப்பு வழியாக அது பச்சைப் புள்ளியாகத் தெரியும். போன தீபாவளிக்கு என் நாத்தனாருக்குக் கொடுத்த குயில்ட்டில் மூன்று புள்ளி இருக்கிறது. அவர் அதை டிசைன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.